எழுந்து நின்ற மூன்று பிள்ளைகள்

நம் சங்கத்தில் விழா எதுவானாலும் தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கித் தேசிய கீதத்தில் நிறைவு பெறுவது வழக்கம். அந்த 52 விநாடிகளும் எல்லாரும் எழுந்து நின்று பாடுகிறோம். நானும் பாடுவேன். குரல் இனிமையாக இராது, ஆனால் சத்தத்துக்குக் குறைவிராது. எங்கள் தமிழ்ச் சபையிலும் ஆகஸ்டு 15 அன்று ஆராதனை முடிந்ததும் கொடியேற்றிப் பாடிவிட்டுத்தான் கலைவோம். கிறிஸ்தவனாய் இருப்பதற்கும் இந்தக் கீதத்தைப் பாடுவதற்கும் எந்த முரண்பாட்டையும் நான் கண்டதில்லை. கண்ட மூன்று பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பத்து, ஒன்பது, ஐந்து வகுப்புகளில் படித்து வந்தார்கள் ஓர் அண்ணனும் இரண்டு தங்கைகளும். 'யெகோவாவின் சாட்சிகள்' என்ற பிரிவைச் சேர்ந்த குடும்பம். துதியும் விண்ணப்பமும் கடவுள் ஒருவருக்கே உரியவை, ஆகவே எந்த நாட்டின் கீதத்தையும் பாடுவதில்லை என்பது அவர்கள் கொள்கை. காலையில் கீதம் தொடங்கியதும் மற்றவர்களோடு மூவரும் எழுந்து நிற்பார்கள், கீதம் முடியும்வரை மரியாதையாக நிற்பார்கள், வாய் மட்டும் அசையாது. அவர்களுக்கு முன் அதே பள்ளியில் படித்த அக்காள்மாரும் அப்படித்தான் நின்றிருக்கிறார்கள். ஒருவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் கண்ணில் இது பட்டது. தேசபக்திக்கு மாறானது என்று அவர் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்ப, விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. இவர்கள் சட்டத்துக்கு அடங்கிய பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்றே அந்தக் குழு எழுதிக் கொடுத்தது. இருந்தும் மேலிடத்து உத்தரவின்பேரில் தலைமையாசிரியை 1985 ஜூலை 26 முதல் மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார். அரசாங்கத்தின் முடிவு வரும்வரையாவது உட்கார அனுமதியுங்கள் என்று தகப்பனார் கேட்டார். தம்மால் இயலாது என்று அந்த அம்மையார் கைவிரித்துவிட்டார்.

பத்தாம் வகுப்புப் பையன் பள்ளியை விட்டு நீக்கப்படுவது என்றால் என்ன என்பதை நம் பெற்றோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், உதட்டை அசைத்துவிட்டிருந்தால் எல்லாம் சுமுகமாய் முடிந்திருக்கும்.

கேரள உயர்நீதிமன்றம் கைகொடுக்கவில்லை. கீதத்தின் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம், எந்த மத உணர்வையும் புண்படுத்தும் சொல் அதில் இல்லை என்றார்கள் நீதிபதிகள். என்னைக் கேட்டால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் 'பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு' என்ற அந்த வழக்கு டில்லிக்கு வந்தபோது, கேட்க வேண்டிய கேள்வியே அதுவன்று என்றது உச்சநீதிமன்றம். நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் 1986 ஆகஸ்டு 11 அன்று அளித்த தீர்ப்பு அது. ஒருவருடைய நம்பிக்கை நம் அறிவுக்கும் உணர்வுக்கும் ஒத்துவருகிறதா என்பது பேச்சில்லை, அது உண்மையாகவும் மனச்சாட்சியோடும் பற்றிக்கொள்ளப்பட்டதா என்பதுதான் பேச்சு. மேலும், பாடியே தீரவேண்டும் என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. தேசிய கௌரவத்தைக் காக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கீதம் பாடுவதைத் தடுப்பவரையும் கூட்டத்தில் கலவரம் செய்பவரையும்தான் தண்டிக்கிறது. பாடாமல் மரியாதையோடு எழுந்து நிற்பவன் இரண்டில் எதையும் செய்யவில்லை. அரசியல் சட்டத்தின் 19, 25-ஆம் பிரிவுகளின்படி அந்தப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு, திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவாயிற்று. அதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அமெரிக்காவில் இதே பிரிவினரின் பிள்ளைகள் கொடி வணக்கம் செய்ய மறுத்தபோது, 1940-இல் அந்த நாட்டு உச்சநீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்பு 1943-இல் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. நம் நீதிபதிகள் இவற்றையெல்லாம் படித்துப் பார்த்துத்தான் எழுதினார்கள்.

கோட்பாடுகள் பலவற்றில் அந்தப் பிரிவினரோடு எனக்கு உடன்பாடில்லை, அது வேறு விஷயம். என் மனத்தைத் தொட்டது அவர்கள் மறுத்ததைவிட மறுத்த விதம். அவர்கள் உட்கார்ந்துகொள்ளவில்லை, காதைப் பொத்தவில்லை, பாடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லுங்கள், நல்ல மனச்சாட்சியோடு இருங்கள் என்று பேதுரு தம் முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். முதலாவதை மறந்துவிட்டு இரண்டாவதற்காக மட்டும் சண்டைக்கு நிற்பவர்களை எங்கள் சபைகளிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். வறட்டுப் பிடிவாதத்துக்கு மனச்சாட்சி என்று பேர் வைத்துக்கொள்வது சுலபம். பவுல் அப்போஸ்தலரே தம் மனம் தம்மைக் குற்றப்படுத்தவில்லை என்று சொன்ன கையோடு, அதனாலேயே தாம் நீதிமான் ஆகிவிடவில்லை என்றும் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். மனச்சாட்சி என்ற சொல்லில் இருப்பது சாட்சிதான், நீதிபதி அல்ல. வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் கூண்டில் ஏற்றுவதும் அவரவர் நெஞ்சைத்தான்.

வடக்கே வந்து குடியேறிய நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வழக்கு, நீதிமன்றம் என்ற அளவுக்கு எதுவும் வருவதில்லை. வருவதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி பரீதாபாத் தொழிற்சாலை ஒன்றில் புதிதாய்ச் சேர்ந்திருந்தான். செப்டம்பர் 17 விசுவகர்மா பூஜை, நம் ஊர் ஆயுத பூஜை மாதிரி. புதிதாய் வந்தவர்தான் இயந்திரத்துக்கு ஆரத்தி எடுக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவில் பழக்கமாம். "அங்கிள், நான் இன்னும் புரொபேஷன்ல இருக்கேன். என்ன செய்யட்டும்?" என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேட்டான். செய் என்றோ செய்யாதே என்றோ நான் சொல்லவில்லை. இந்த மூன்று பிள்ளைகளின் கதையைச் சொன்னேன்.

அவன் பூஜைக்கு முந்தின நாளே ஃபோர்மேனிடம் போயிருக்கிறான். இயந்திரத்தை நானே துடைத்து வைக்கிறேன், மாலை தொடுக்கவும் கூட இருக்கிறேன், செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாரோடும் நிற்கிறேன், ஆரத்தித் தட்டு மட்டும் என் கையில் வேண்டாம், என் விசுவாசம் அப்படி, என்று தெரிந்த இந்தியில் சொன்னான். ஒரு தட்டைப் பிடிப்பதில் என்ன குடிமுழுகிவிடும் என்று அவர் சிடுசிடுத்தாராம். சொன்னபடியே நின்றான். சில வாரங்கள் டீ நேரத்தில் இரண்டு மூன்று பேர் அவனோடு பேசவில்லை. வேலை நிரந்தரமான கடிதம் மூன்று மாதம் தாமதமாய் வந்தது. காரணம் இதுதானா என்று அவனுக்கும் தெரியாது, அவன் கேட்கவும் இல்லை.

பூஜை முடிந்து கொடுத்த லட்டுதான் அவனுக்குப் பெரிய குழப்பம். கொரிந்து பட்டணத்தாருக்கும் இதே குழப்பம்தான். கடையில் விற்கிற இறைச்சியை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள், ஆனால் இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால் அவருடைய மனச்சாட்சியை முன்னிட்டுச் சாப்பிடாதிருங்கள் என்பது பவுல் தந்த பதில். இரண்டாயிரம் வருஷமாக அதற்கு ஆளுக்கொரு வியாக்கியானம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எங்கள் வீட்டிலேயே பக்கத்து வீட்டார் தரும் பிரசாதத்தை நான் வாங்கி உண்பேன், என் மனைவி இரண்டு கையாலும் வாங்கி என்னிடம் தந்துவிடுவாள். முப்பது வருஷமாக இது நடக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் இது தெரியும்.

தம்பி லட்டை வாங்கவில்லை. அடுத்த வருஷம் பூஜையன்று காலையில் அந்த ஃபோர்மேனே ஒரு இனிப்புப் பெட்டியைக் கொண்டுவந்து அவன் மேஜைமேல் வைத்தாராம். "இது கடையிலிருந்து நேரே வந்தது. பூஜை பதினோரு மணிக்குத்தான். இப்பவே சாப்பிட்டுடு" என்றாராம்.