மூளைக்குள் ஒரு மருந்துச்சாலை

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலே அபின். அதிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின் கடும் வலியையும் மனக்கலக்கத்தையும் அடக்க வல்லது. எங்கோ வயலில் விளையும் செடியின் சாறு நம் மூளையில் ஏன் வேலை செய்ய வேண்டும்? பூட்டு இருந்தால்தானே சாவிக்கு வேலை?

அப்பூட்டுகள் மூளையில் இருப்பதை 1973-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கேண்டஸ் பெர்ட் அம்மையாரும் அவருடைய ஆசிரியர் சாலமன் ஸ்னைடரும் மெய்ப்பித்தனர். அம்மையார் அப்போது இன்னும் மாணவிதான் என்பதை நம் தோழியர் கவனிக்கட்டும்!

கடவுள் ஒரு செடிக்காகவா நமக்குள் பூட்டு வைத்திருப்பார்? உடலே செய்துகொள்ளும் சாவி இருந்தாக வேண்டும். அதைத் தேடியவர்கள் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்சும். ஹியூஸ் அதிகாலையில் சைக்கிளில் கசாப்புக் கூடத்திற்குச் சென்று பன்றி மூளைகளை வாங்கி வருவாராம். 1975-இல் சாவி கிடைத்தது. ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த அச்சிறு பொருளுக்கு என்கெஃபலின் என்று பெயரிட்டனர். பின்னர் எண்டார்ஃபினும் டைனார்ஃபினும் கண்டறியப்பட்டன.

அச்சமோ அதிர்ச்சியோ நேரும்போது, மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பி, அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனை வெளியிடுகிறது. கூடவே எண்டார்ஃபினும் வருகிறது. இரண்டும் ஒரே பெரிய புரதத்திலிருந்து நறுக்கப்படுபவை. மூளைக்குள்ளேயும் சில நரம்பணுக்கள் எண்டார்ஃபினைச் செய்கின்றன. ஓட்டப் பந்தயத்தில் சிராய்த்த முழங்கால், பந்தயம் முடிந்த பிறகே எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் எல்லாச் சாவியும் இனிமை தருவதில்லை. மன அழுத்தம் நாள்கணக்கில் நீடித்தால் டைனார்ஃபின் மேலோங்குகிறது. அது வேறொரு பூட்டைத் திறந்து சோர்வையும் கசப்பையும் தருவதை விலங்குகளிடம் கண்டுள்ளனர். தேர்வுக்காக வாரக்கணக்கில் உறங்காமல் பயந்துகொண்டே படிப்பவர்களை நினைத்துக்கொள்கிறோம்.

பிரிவுத் துயரிலும் இவற்றுக்குப் பங்குண்டு. தாயைப் பிரிந்து கத்தும் நாய்க்குட்டிகளுக்கு, உறக்கம் வராத அளவு மிகச் சிறிது மார்ஃபின் கொடுத்தபோது அழுகை குறைந்ததை 1978-இல் ஜாக் பாங்செப் குழுவினர் கண்டனர். விடுதிக்கு வந்த முதல் வாரம் தலையணை நனைய அழும் சிறுமி, பெரிய அக்கா ஒருத்தி தலை கோதிவிட்டதும் அடங்குவதை நாம் பார்த்ததில்லையா? மருந்து ஏதுமின்றி அது நடக்கிறது. குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொள்ளும்போது மூளையைச் சூழ்ந்த நீரில் எண்டார்ஃபின் கூடுவதை 1989-இல் அளந்தும் பார்த்துவிட்டார்கள்.