பழைய வண்டிக்கு எந்த டயர்?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, மைசூர் சாலையில் நான் கீழே விழுந்தேன். பின்னால் அமர்ந்திருந்த நண்பரும் விழுந்தார். அவருக்கு உள்ளங்கையிலும் எனக்கு முழங்காலிலும் தோல் போயிற்று. நல்ல வேளையாகப் பின்னால் வந்த பேருந்து சற்றுத் தள்ளி வந்துகொண்டிருந்தது. பெங்களூரில் யார் விழுந்தாலும் பழி பள்ளத்தின் மீது போவது வழக்கம். பள்ளமும் இருந்தது உண்மைதான். ஆனால் விழுந்ததற்குக் காரணம், அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் நான் ஆசை ஆசையாக மாட்டிய அகலமான பின் டயர்.

நம் சங்கத்து நண்பர்களில் பலர், மாமாவும் சித்தப்பாவும் ஓட்டிக் கழித்த பழைய மோட்டார் சைக்கிள்களில் வகுப்புக்கு வருகிறவர்கள். அவர்களுக்காவது என் முழங்கால் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

என் வண்டி மாமா தந்த யமஹா ஆர்.எக்ஸ். 100. இவ்வகை வண்டி நம் நாட்டில் 1985 முதல் 1996 வரை உற்பத்தியானது. அதற்குரிய டயர் முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18. கடையில் போய் நின்றபோது, பின் சக்கரம் ஒல்லியாக இருக்கிறதே என்று எனக்கு மனக்குறை. கடைக்காரர் 100/90-18 ஒன்றை எடுத்து உருட்டினார். “இதுவும் பதினெட்டுதான் தம்பி, கச்சிதமா உட்காரும்” என்றார். உட்காரவும் செய்தது. அங்கேதான் நான் ஏமாந்தேன்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களுக்குப் பொருள் என்ன? பழைய முறை அங்குல முறை. 2.75-18 என்றால், டயரின் அகலம் 2.75 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 18 அங்குலம். உயரத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அகலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவே உயரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த மில்லிமீட்டர் முறையில் 100/90-18 என்றால், அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, அதாவது 90 மில்லிமீட்டர். ரிம்மின் விட்டம் மட்டும் அங்குலத்திலேயே நின்றுவிட்டது. முன்பாதி மீட்டரிலும் பின்பாதி அங்குலத்திலும் பேசும் இந்த இருமொழிக் கொள்கைக்கு எதிராக இதுவரை எவரும் போராடவில்லை! அமெரிக்கப் பெருவண்டிகளுக்கு எழுத்துகளால் குறிக்கும் மூன்றாவது முறை ஒன்றும் உண்டு. நம் வளாகத்தில் அதற்கு வேலையில்லை.

இனிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 18 அங்குலம் என்பது 457 மில்லிமீட்டர். 2.75 அங்குலம் 70 மில்லிமீட்டர். ரிம்மின் மேலும் கீழும் டயர் இருப்பதால் இரண்டு எழுபது. ஆக மொத்தச் சக்கர விட்டம் 597. என் புதுச் சக்கரமோ 457-உடன் இரண்டு தொண்ணூறு, அதாவது 637. நாற்பது மில்லிமீட்டர் வேறுபாடு. இதில் பாதியான 20 மில்லிமீட்டர், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இருந்த இடைவெளியை விழுங்கிவிட்டது. தனியாக ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. நண்பர் ஏறி அமர்ந்து, வண்டி பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங் அமுங்கியதும், மட்கார்டின் உட்புறம் நீட்டிக்கொண்டிருந்த போல்ட் டயரைக் கிழித்தது. டியூபில் இருந்த காற்று ஒரே மூச்சில் போயிற்று. மற்றதை முன்பே சொல்லிவிட்டேன்.

விழுவதற்கு முன்பே வண்டி எனக்குச் சொல்லித்தான் பார்த்தது, நான் கேட்கவில்லை. மேட்டில் முன்போல் இழுக்கவில்லை. சக்கரம் நூற்றுக்கு ஏழு பங்கு பெரிதானால், பல்சக்கரத்தை மாற்றாமலே கியர் அந்த அளவு கனமாகிவிடும், நூறு சி.சி. எஞ்சினுக்கு அது சிறிய சுமை அன்று. வளைவில் சாய்த்தால் வண்டி திடீரென்று விழுவதுபோல் போயிற்று. அதற்குக் காரணம் ரிம். என் ரிம்மின் அகலம் 1.60 அங்குலம். 100/90 டயருக்கோ பொதுவாகக் குறைந்தது 2.15 அங்குல ரிம் வேண்டும். அகன்ற டயரைக் குறுகிய ரிம்மில் திணித்தால் அதன் இரு ஓரங்களும் நெருங்கி, நடுப்பகுதி கூம்பிவிடும். தரையைத் தொடும் பரப்பு நாம் நினைத்ததுபோல் கூடுவதில்லை. நடுவில் இருக்கும் பட்டன் மட்டும் விரைந்து தேயும். பிடிப்புக்காக அகல டயர் போடுகிறேன் என்பவர்கள் முதலில் ரிம்மின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். பழைய ரிம்களில் டபிள்யூ.எம். 1, டபிள்யூ.எம். 2 என்று இருக்கலாம். முன்னது 1.60 அங்குலம், பின்னது 1.85, டபிள்யூ.எம். 3 என்றால் 2.15.

அப்படியானால் அங்குல டயர் கிடைக்காதபோது என்ன செய்வது? விட்டத்தைக் கணக்கிட்டு நெருங்கிய உறவினரைத் தேட வேண்டும். 2.75-18-க்கு 80/90-18 நெருங்கியது: 457-உடன் இரண்டு 72, ஆக 601. வேறுபாடு நான்கே மில்லிமீட்டர். புல்லட்டுக்கு உரிய 3.25-19-க்கு 90/90-19 அப்படிப்பட்டது. ஆயினும் கணக்கில் சரியாக வருவது ஃபோர்க்கில் சரியாக வராமல் போகலாம். எழுத்தில் உள்ள அகலமும் அளந்தால் வரும் அகலமும் கம்பெனிக்குக் கம்பெனி சற்று வேறுபடும். மாட்டியபின் கையால் சக்கரத்தைச் சுழற்றி, செயின் பக்கமும் மட்கார்டு பக்கமும் விரல் நுழைகிறதா என்று பார்ப்பதே கடைசித் தீர்ப்பு. இருவர் ஏறி அமர்ந்த நிலையிலும் பார்க்க வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஜாவா வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையை 1961-இல் அப்போதைய ஆளுநர் ஜயசாமராஜேந்திர உடையார் திறந்து வைத்தார். உதிரிப் பாகங்களுக்காக நாம் அலையும் ஜே.சி. ரோடும் அவர் பெயரையே தாங்கியிருப்பது ஒரு பொருத்தம். அங்கே உருவான பழைய ஜாவாவுக்கு இரண்டு சக்கரத்திலும் 3.25-16. பதினாறு அங்குலத்தில் இந்த ஒல்லி அளவு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கிடைத்ததை மாட்டிவிடலாம் என்றால், ஜாவாவின் செயின் முழுதும் ஒரு தகரக் கூட்டுக்குள் ஓடுகிறது. அகல டயர் அந்தக் கூட்டில் உராயும். சிலர் ரிம்மையே மாற்றிப் பதினெட்டு அங்குலம் போடுகின்றனர். வண்டி உயர்ந்து, சைடு ஸ்டாண்டில் கவிழப் பார்க்கும். பொறுத்திருந்து சரியான அளவைத் தேடுவதே மேல் என்பது என் கருத்து.

அளவு சரியென்றால் அதோடு முடிந்ததா? அளவுக்குப் பின்னால் 48P என்பதுபோல் ஒரு குறி இருக்கும். 48 என்பது சுமைக் குறியீடு. அந்த ஒரு டயர் 180 கிலோ தாங்கும் என்று பொருள். P என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வரை ஓடத்தக்கது என்பது. அளவைச் சரியாகப் பார்த்துவிட்டுச் சுமைக் குறியில் குறைந்ததை வாங்கி, பின்னால் இருவரை ஏற்றுகிற நண்பர்கள் நம்மிடையே இருக்கின்றனர். பெயர் சொல்லவில்லை.

பிறகு வயது. நான்கு இலக்கம் கொண்ட முத்திரை ஒன்று பக்கவாட்டில் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முற்பட்ட டயர். பட்டன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். வருடக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டிகளில் இந்த ஏமாற்றம் மிகுதி. மொட்டை டயரைக் கண்டு அஞ்சுகிறவர்கள், இறுகிப்போன ரப்பரைக் கண்டு அஞ்சுவதில்லை. ஈரச் சாலையில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும்.

என் டயரைக் கழற்றிக் கொடுத்தவர் சிவாஜி நகரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். 2.75-18 ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய டியூபைத் தூக்கிப் போட்டார். போக்ஸ் கம்பிகளின் முனை டியூபைக் குத்தாதிருக்க ரிம்முக்குள் புது ரப்பர் நாடா சுற்றினார். டயரில் இருந்த அம்புக்குறியைப் பார்த்துத் திசை வைத்தார். முன்னுக்கும் பின்னுக்கும் பொதுவான சில டயர்களில் இரண்டு அம்புகள் எதிரெதிராக இருக்கும். முன் டயருக்குப் பெரிய வேலை பிரேக் பிடிப்பதும், பின் டயருக்கு உந்துவதும் ஆகையால்.

“எவ்வளவு அண்ணே?” என்றேன்.

கூலியைச் சொல்லிவிட்டு, “நூறு கிலோமீட்டர் மெதுவா போ தம்பி. புது டயர் மேல வழவழப்பு இருக்கும். மழை வேற வருது” என்றார்.

மெதுவாகவே வந்தேன்.