காற்றுப்பையும் கண்ணும்



எங்கள் சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துப் போர்டோ கலவை தயாரிப்பதை இப்பக்கத்து மாணவர்கள் பலர் கண்டிருப்பார்கள். சுண்ணாம்பு நீர் கண்ணில் தெறித்தால் நேரும் துன்பத்தையும் அறிந்திருப்பார்கள். அதே இனத்தைச் சேர்ந்த ஓர் அபாயம் இன்று மோட்டார் காருக்குள்ளும் இருக்கிறது. அதைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

கார் மோதும்போது தலையும் மார்பும் நசுங்காமல் தாங்குவது காற்றுப்பை. நம் நாட்டுப் புதிய கார்களில் ஓட்டுநருக்கு இது 2019 ஜூலை 1 முதல் கட்டாயமாயிற்று. பல ஆண்டுகளாக இப்பைகளை நிரப்பப் பயன்பட்ட பொருள் சோடியம் அசைடு. மோதிய கணமே அது சூடேறிச் சிதைந்து நைட்ரஜன் வாயுவை வெளியிடும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பை உப்பிவிடும். உடன் உண்டாகும் சோடியத்தை அடக்க வேறு பொருள்களைச் சேர்த்திருப்பார்கள். ஆயினும் சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் கார்பனேட் முதலிய காரங்கள் சிறிதளவு எஞ்சி, நுண்தூசியாக வெளிவரக்கூடும். பிற்காலக் கார்களில் அசைடுக்குப் பதிலாக வேறு பொருள்கள் வந்துள்ளன. அவற்றின் தூசியும் கண்ணுக்கு ஆகாது.

அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குக் கொடியது. ஏன்? அமிலம் மேற்பரப்பிலுள்ள புரதத்தை உறையச் செய்கிறது; உறைந்த அப்படலமே அமிலம் மேலும் உட்புகாமல் ஓரளவு தடுக்கிறது. காரமோ எண்ணெயைச் சோப்பாக்குவதைப் போலக் கண்ணின் செல்களிலுள்ள கொழுப்பைக் கரைத்து, ஆழமாக ஊடுருவுகிறது. மேலுக்குச் சிவப்பு மட்டுமே தெரியும்போதும் உள்ளே அழிவு தொடரலாம். கருவிழி வெளிறிப் பார்வை குன்றலாம்.

ஆகவே மருந்தைத் தேடுமுன் தண்ணீரைத் தேடுங்கள். இமைகளை நன்கு விரித்து, தூய நீரை இருபது முப்பது நிமிடம் இடைவிடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணைக் கசக்கலாகாது. காரத்தை முறிக்க எலுமிச்சைச் சாறு விடுவதும், தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடுவதும் தகாது. கழுவிய பின்னரே மருத்துவரிடம் விரைய வேண்டும். 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் கிளை உண்டு. ஆனால் எங்கள் ஊரிலிருந்து அங்குச் சென்று சேரும்வரை காரம் காத்திராது.

இதனால் காற்றுப்பையை வெறுக்க வேண்டா. அது உயிர் காக்கும் சாதனம். இருக்கைப் பட்டையை அணியுங்கள். வண்டியில் எப்போதும் தண்ணீர் வைத்திருங்கள். வகுப்பில் படித்த அமிலமும் காரமும் தேர்வுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.