கணக்கில் வராத உழைப்பு: மும்பையின் அலையாத்திக் காடுகளும் சேற்று நண்டுகளும்

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் மும்பை சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. விகார், பவாய் ஏரிகளின் உபரி நீரைச் சுமந்து வந்து, தாராவியை ஒட்டி மாகிம் கழியில் சேரும் மித்தி ஆறு கரைபுரண்டது. வெள்ளம் பரவி நிற்க இடமளித்த சதுப்பு நிலங்களில் பெரும்பகுதி அதற்கு முன்பே தூர்க்கப்பட்டிருந்தது. பாந்திரா-குர்லா வணிக வளாகம் அவ்வாறு தூர்த்த நிலத்தில் எழுந்ததே ஆகும்.

நண்டு செய்யும் பணி

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பீவர் என்னும் கொறிவிலங்கு ஓடைகளில் அணை கட்டிச் சதுப்பு நிலங்களை உருவாக்குகிறது. நம் நாட்டில் அவ்விலங்கு இல்லை. ஆயினும், மாகிம் கழியிலும் செம்பூரை அடுத்த மாகுல் கழியிலும் சதுப்பு நிலத்தைப் பேணும் பணியைச் சேற்று நண்டுகள் செய்கின்றன.

கழிச் சேற்றில் காற்று புகுவது அரிது. நண்டு தோண்டும் வளைகளின் வழியே ஓத நீரும் காற்றும் உள்ளே செல்கின்றன. வேர்களுக்கு நஞ்சாகும் சல்பைடு குறைகிறது. உதிர்ந்த இலைகளை நண்டுகள் வளைக்குள் இழுத்துச் சென்று உரமாக்குகின்றன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நடந்து 1991-இல் வெளியான ஆய்வில், நண்டுகளை அகற்றிய இடங்களில் சல்பைடு மிகுந்து மரங்களின் வளர்ச்சி குன்றியது தெரியவந்தது.

வெட்டாமலும் அழிக்கலாம்

இதிலிருந்து நிருவாகத்துக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. மரத்தை வெட்டாமலே காட்டை அழித்துவிட முடியும். கட்டட இடிபாடுகளைக் கொட்டி ஓத நீர் வரும் கால்வாயை அடைத்தால் வளைகள் மூடிப்போகும், நண்டுகள் மடியும், மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போகும். பின்னர் அவ்விடம் 'தரிசு' எனக் குறிப்பேட்டில் ஏறிவிடும்.

பம்பாய் உயர் நீதிமன்றம் 2005-இல் இடிபாடு கொட்டுவதற்கும், அலையாத்திக் காட்டிலிருந்து 50 மீட்டருக்குள் கட்டடம் கட்டுவதற்கும் தடை விதித்தது. 2018-இல் இக்காடுகளை அழிப்பது வாழும் உரிமையை மீறுவதாகும் எனத் தீர்ப்பளித்தது. காடுகளைக் காக்க மாநில வனத்துறையில் 2012-இல் தனிப் பிரிவும் அமைக்கப்பட்டது.

சீரமைப்பு இயலாத செயலன்று. தாராவியை ஒட்டி, குப்பை மேடாகக் கிடந்த 37 ஏக்கர் நிலம் இயற்கைப் பூங்காவாக மாற்றப்பட்டு 1994-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

தூர்த்த நிலத்திற்குச் சந்தையில் விலை உண்டு; வெள்ளத்தைத் தாங்கும் சேற்றுக்கு விலை இல்லை. எனவே முன்னது வரவாகவும் பின்னது வெற்றிடமாகவும் ஏடுகளில் பதிவாகின்றன. அச்சேற்றின் உண்மையான மதிப்பு வெள்ளம் வரும் நாளில் புலப்படுகிறது. அன்று அதற்கான விலையைக் கொடுப்போர், பெரும்பாலும், தாழ்வான பகுதிகளில் வாழும் ஏழை எளியவர்களே. ஆகவே, மரங்களை எண்ணுவதோடு அலுவலர் கடமை முடிந்துவிடுவதில்லை. ஓத நீர் தடையின்றி வந்து போகிறதா, சேற்றில் நண்டு வளைகள் உள்ளனவா என்பதையும் அவர்கள் நேரில் சென்று பார்த்தல் வேண்டும்.