பாதி வசனம் ரமணிக்கு

தேவதர்ஷினி என்று பேரைச் சொன்னால் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிற எங்கள் மார்க்கையன்கோட்டையில் சிலர் ஒரு நொடி யோசிப்பார்கள். 'காஞ்சனா படத்துல கோவை சரளாவுக்கு மருமகளா வருமே, அந்தப் பொண்ணு' என்றால் முகம் மலர்ந்துவிடும். கொஞ்சம் மூத்தவர்களுக்கு 'விடாது கருப்பு' என்று எடுத்துக் கொடுத்தால் போதும். கேபிள் வந்த காலத்தில் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மதினிமார்களுக்கு அவர் ரமணி. கல்லூரிப் பிள்ளைகளுக்கு '96' படத்தில் ஜானுவின் தோழி சுபா. ஒரே முகத்தை ஆளுக்கொரு பேரில் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். போஸ்டரில் தனியாக நின்று சம்பாதித்த ஞாபகம் இல்லை இது. வீட்டுக்குள் வந்து, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சம்பாதித்தது.

அவரைப் பற்றி எழுதும்போது சினிமாவிலிருந்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழில் கொஞ்ச காலமே உயிரோடிருந்த ஒரு வடிவம் உண்டு, அரைமணி நேர வீட்டு நகைச்சுவைத் தொடர். அது நமக்குக் கொடுத்த நடிகைகளில் கைதேர்ந்தவர் தேவதர்ஷினி என்பது என் கட்சி. அந்த வடிவத்தை நாம் கைவிட்டதன் கதையும் அவர் நடித்து வந்த பாதையிலேயே கிடக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு டி.வி. மலையிலிருந்து இறங்கி வந்தது. சென்னையில் தூர்தர்ஷன் 1975-லேயே ஆரம்பித்துவிட்டாலும், நம் பக்கத்து ஓட்டு வீடுகளில் ஆன்டெனா முளைத்தது கொடைக்கானலில் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான். சின்னமனூர் முதல் கம்பம் வரை அத்தனை ஆன்டெனாவும் கொடைக்கானல் பக்கமே முகம் வைத்திருந்தன. காற்றடித்துத் திரும்பிவிட்டால் ஒருவர் மாடியேறித் திருப்புவார், கீழே இருந்து 'இன்னும் கொஞ்சம்... ஆங், போயிருச்சு' என்று ஒருவர் கத்துவார். அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்த காலத்தில் சிரிக்க வைத்த தொடர்களில் ஒன்று 'வண்ணக் கோலங்கள்'. எஸ்.வி.சேகரும் குட்டி பத்மினியும் நடித்தது. 1965-ல் 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் இரட்டை வேடத்தில் வந்த அதே குழந்தைதான் வளர்ந்து, டி.வி.யில் நாடக மேடையின் வேகத்துக்கு ஈடுகொடுத்தார். சபா நாடகத்தின் நகைச்சுவை சின்னத்திரைக்குக் குடிவந்தது இப்படித்தான். நாடகத்தில் ஜோக் அடிப்பது அநேகமாக ஆணின் வேலை. டி.வி. நாடகம் வீட்டுக்குள் நடக்க வேண்டியிருந்ததால், வேறு வழியில்லாமல் பெண்ணுக்கும் பாதி வசனம் போய்ச் சேர்ந்தது.

வேறு வழியில்லாமல் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழ் சினிமாவில் சிரிக்க வைத்த பெண்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. என்.எஸ்.கிருஷ்ணனோடு டி.ஏ.மதுரம், காளி என்.ரத்தினத்தோடு சி.டி.ராஜகாந்தம், தங்கவேலுவோடு எம்.சரோஜா. 1959-ல் வந்த 'கல்யாண பரிசு' படத்தில் எழுத்தாளர் பைரவனாகப் புளுகித் தள்ளும் தங்கவேலுவை, சரோஜா நம்பியும் நம்பாமலும் பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்தக் காட்சிகளை மட்டும் வெட்டி எடுத்தால் அச்சு அசலாக ஒரு டி.வி. நகைச்சுவைத் தொடர். நிஜத்திலும் அவர்கள் கணவன் மனைவிதான். ஆனால் படத்தில் இவர்களுக்கு ஒதுக்கப்பட்டது கதையின் ஓரம். நாயகனும் நாயகியும் அழுது முடிக்கிற இடைவெளியில் வந்து போக வேண்டும். பிற்காலத்தில் அந்த ஓரமும் சுருங்கி, புருஷனை அடிக்கிற பெண்டாட்டி என்கிற ஒரே வேலை மிஞ்சியது. கோவை சரளாவைப் போன்ற அசாத்தியத் திறமைக்காரரைக்கூட அந்த ஒரே வேலையில் வருடக்கணக்காக உட்கார வைத்தார்கள்.

தேவதர்ஷினியை ஊர் அடையாளம் கண்டுகொண்டது சிரிப்பில் அல்ல, பயத்தில். 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு', இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, 90-களின் பிற்பாதியில் சன் டி.வி.யில் வந்தது. குலசாமியாகக் கருப்பசாமியைக் கும்பிடுகிற தேனி மாவட்டத்தில் அது வெறும் தொடராக இல்லை. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் பெண்கள் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட வீடுகள் உண்டு. தொடர் முடிந்த பிறகு கொல்லைக்குப் போகத் துணைக்கு ஆள் தேடிய ஆண்பிள்ளைகளும் உண்டு, பேர் வேண்டாம்.

அந்தத் தொடரில் ஒரு விசேஷம். 1941-ல் ஏ.வி.மெய்யப்பனின் 'சபாபதி'யில் காளி என்.ரத்தினத்தோடு சிரிக்க வைத்த சி.டி.ராஜகாந்தம், தள்ளாத வயதில் அதில் கிழவியாக வந்தார். தமிழ் நகைச்சுவையின் மூத்த தலைமுறைப் பெண்மணியும், அடுத்து அதே வேலைக்கு வரப்போகிற இளம்பெண்ணும் ஒரே தொடரில். திட்டம் போட்டு நடந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு அது ஒரு கைமாற்றலாகவே படுகிறது. உடன் நடித்த சேத்தனைத்தான் 2002-ல் தேவதர்ஷினி திருமணம் செய்துகொண்டார். வெற்றிமாறனின் 'விடுதலை'யில் போலீஸ் அதிகாரியாக வந்து தியேட்டரே திட்டித் தீர்க்கும்படி நடித்தாரே, அதே சேத்தன்.

பிறகு 'ரமணி vs ரமணி'. பயமுறுத்தியே பேர் வாங்கிய நாகா, ராஜ் டி.வி.க்காக எடுத்த நகைச்சுவைத் தொடர் இது. தயாரிப்பு அதே மின்பிம்பங்கள். 1998-ல் முதல் பாகம், 2001-ல் இரண்டாம் பாகம். கணவன் பேரும் ரமணி, மனைவி பேரும் ரமணி. தலைப்பிலேயே வழக்கு எண் மாதிரி இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். முதல் பாகத்தில் பிருத்விராஜும் வாசுகியும், இரண்டாம் பாகத்தில் ராம்ஜியும் தேவதர்ஷினியும்.

வில்லன் இல்லை, சொத்துத் தகராறு இல்லை, காணாமல் போன அண்ணன் திரும்பி வருவதில்லை. நடுத்தர வர்க்கத்து வீடு, அதில் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு அற்ப விஷயம். அந்த அற்ப விஷயம் வளர்ந்து வீட்டை இரண்டாக்கி, அரைமணி முடிவதற்குள் சமாதானமாகிவிட வேண்டும். சொல்ல எளிது. நடிக்கிறவருக்கு இதைவிடக் கஷ்டமான பரீட்சை கிடையாது. மெகா தொடரில் ஒரு அதிர்ச்சியை மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டலாம், இடி இடிக்கலாம், 'தொடரும்' போடலாம். இதில் கணவன் ஒரு வார்த்தை சொல்கிறான், மனைவி பதில் சொல்ல வேண்டும். பதில் கொஞ்சம் முந்தினால் எழுதிவைத்து ஒப்பிக்கிறார் என்று தெரிந்துவிடும், கொஞ்சம் பிந்தினால் சிரிப்பு செத்துவிடும்.

தேவதர்ஷினியின் கெட்டிக்காரத்தனம் அந்த இடைவெளியில்தான் இருந்தது. எதிராளி பேசும்போது அவரைப் பாருங்கள். வாய் திறக்காது. ஒரு புருவம் மட்டும் லேசாக ஏறும், உதடு ஒரு பக்கம் இழுபடும், கண் ஒருமுறை வேறு எங்கோ போய்விட்டுத் திரும்பும். வரப்போகிற பதில் என்னவென்று நமக்குத் தெரிந்துவிடும். பதில் வரும்போது குரலை ஏற்றவே மாட்டார். சத்தமே காமெடி என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய துணிச்சல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தொடரில் தோற்பது எப்போதும் பெண் அல்ல, ஜெயிப்பதும் எப்போதும் பெண் அல்ல. ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவர். நடவுக்குப் போய்விட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்த பெண்களுக்கு, பட்டணத்து பிளாட்டும் அந்தக் குடும்பத்தின் பேச்சு வழக்கும் தூரம்தான். சண்டை தூரமில்லை.

ஆனால் 2001 என்பது தப்பான வருடம். 1999 டிசம்பரில் சன் டி.வி.யில் ராதிகாவின் 'சித்தி' ஆரம்பித்து, இரவு நேரத்தையே வாரிச் சுருட்டிக்கொண்டிருந்தது. தினமும் வருகிற கதை, முடியவே முடியாத கதை, நாளை என்ன ஆகுமோ என்று பார்ப்பவரைக் கட்டிப்போடுகிற கதை. விளம்பரக்காரருக்கு வேறென்ன வேண்டும்? வாராந்திர நகைச்சுவைக்கு ஒவ்வொரு வாரமும் முழுசாக ஒரு கதை யோசிக்க வேண்டும், அது அந்த வாரத்தோடு செத்துப்போகும். மெகா தொடருக்கு ஒரு கதை இருந்தால் ஐந்து வருடம் ஓட்டலாம். வாரம் ஒரு கதை எழுதுகிறவருக்கு மெகா தொடரில் வருவதைவிடக் கூலி அதிகம் என்றும் சொல்ல முடியாது. கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது ரமணிகள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள்? ஸ்ரீப்ரியாவின் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' மட்டும் கொஞ்சம் தெம்பாக நின்றது. ஸ்ரீப்ரியா, நிரோஷா, நளினி என்று சினிமாவில் நாயகியாக இருந்தவர்கள் கூச்சமில்லாமல் கூத்தடித்தார்கள், பட்டாபியாக எம்.எஸ்.பாஸ்கர் வந்து உட்கார்ந்தார். 2005-க்குப் பிறகு 'கலக்கப் போவது யாரு', 'அசத்தப் போவது யாரு' என்று மேடைக் காமெடி வந்தபோது, சிரிப்பு முழுக்க ஆண்கள் கைக்குப் போய்விட்டது. பெண் வேடத்துக்கும் ஆண்களே புடவை கட்டிக்கொண்டார்கள். அறந்தாங்கி நிஷா மாதிரி ஒருவர் அந்த மேடையில் ஏறிப் பேர் வாங்க வருடங்கள் ஆயின.

தேவதர்ஷினி இதற்கெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. கிடைத்ததைச் செய்தார். 'அத்திப்பூக்கள்' போன்ற நெடுந்தொடரிலும் இருந்தார், சினிமாவுக்கும் போனார். 2003-ல் கரு.பழனியப்பனின் 'பார்த்திபன் கனவு' படத்தில் விவேக்குக்கு ஜோடி. விவேக் பேசிய வேகத்துக்கு முன்னால் பலரும் கரைந்துபோனதுண்டு. இவர் ரமணியில் கற்ற அதே வித்தையைக் காட்டினார், அவசரப்படாமல் நின்றார்.

2011-ல் வந்த 'காஞ்சனா'தான் அவரை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ராகவா லாரன்ஸுக்கு அண்ணி, கோவை சரளாவுக்கு மருமகள். வீட்டில் பேய் இருக்கிறதா என்று மாமியாரும் மருமகளும் சோதித்துப் பார்க்கிற காட்சியை இங்கே திருவிழாவுக்குத் திரை கட்டிப் போட்டபோது, பக்கத்தில் இருந்தவர் பேசுவது காதில் விழவில்லை, அவ்வளவு சிரிப்பு. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு, அது தானாகச் சுற்றுகிறதா என்று பார்ப்பார்களே, அந்த இடத்தை நிதானமாகப் பாருங்கள். சரளா உடம்பு முழுவதையும் கொடுத்து நடிப்பார். தேவதர்ஷினி பெரும்பாலும் கண்ணை மட்டும் கொடுப்பார். மாமியாரை நம்புவதா, ஓடிப்போவதா என்று அந்தக் கண் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். 'விடாது கருப்பு'வில் பயத்தைப் படித்தவர், 'ரமணி'யில் சிரிப்பைப் படித்தவர். இரண்டு பாடத்துக்கும் சேர்த்து ஒரே கேள்வித்தாள் வந்த மாதிரி அமைந்தது 'காஞ்சனா'. மற்றவர்கள் பயந்து சிரிப்புக் காட்டினார்கள், இவர் நிஜமாகவே பயந்தார். அதனால்தான் சிரிப்பு வந்தது. அந்த ஆண்டின் சிறந்த நகைச்சுவை நடிகைக்கான தமிழக அரசு விருது அவருக்கு. அறிவிப்பு மட்டும் 2017-ல், ஆறு வருடக் கோப்புகளோடு சேர்ந்து வந்தது. அரசாங்கத்துக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது?

2018-ல் பிரேம்குமாரின் '96'. தஞ்சாவூர்ப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் இருபத்திரண்டு வருடம் கழித்துக் கூடுகிறார்கள். பள்ளியில் காதலித்துப் பிரிந்த ராமும் ஜானுவும் என்ன ஆவார்கள் என்ற பதைப்பை, கூட்டத்தில் சிரித்துப் பேசிக்கொண்டே சுமப்பவள் சுபா. ஜானு வந்து நிற்கும்போது தேவதர்ஷினியின் முகத்தில் ஒரு கேலியும் ஒரு கவலையும் ஒரே நேரத்தில் இருக்கும். விஜய் சேதுபதியும் த்ரிஷாவும் இருக்கிற காட்சியில் மூன்றாவது ஆளைக் கவனிக்க வைப்பது சாதாரண வேலை இல்லை. பள்ளி வயது சுபாவாக வந்தது அவருடைய மகள் நியதி. 2021-ல் 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் பருவத்தில் உமையாள் என்கிற சென்னை அதிகாரியாக வந்தபோது வடக்கே இருப்பவர்கள் அவரைப் புதுமுகம் போலக் கண்டெடுத்தார்கள். மனோஜ் பாஜ்பாய் தமிழ்நாட்டைப் பற்றி அரைகுறையாக ஏதோ சொல்ல, உமையாள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது ரமணியின் பார்வைதான். ஆள் போலீஸ் வேலைக்குப் போயிருக்கிறாள், அவ்வளவே.

இத்தனைக்கும் பிறகு அவரை நடுவில் வைத்து ஒரு நகைச்சுவைத் தொடர் எடுக்க எந்தச் சேனலுக்கும் தோன்றவில்லை என்பதில் எனக்கு வருத்தத்தைவிடக் கோபமே அதிகம். வயதாகிவிட்டது என்பார்கள். அமெரிக்காவில் லூசில் பால் என்றொரு நடிகை. சினிமாவில் இரண்டாம் வரிசையிலேயே நின்றவர். 1951-ல் நாற்பது வயதில் 'ஐ லவ் லூசி' என்ற அரைமணி நேரத் தொடரில், நிஜக் கணவர் டெசி அர்னாஸையே கணவராக வைத்துக்கொண்டு சண்டை போட்டார், நாடே உட்கார்ந்து பார்த்தது. மணவாழ்க்கை முறிந்தபின், 1962-ல் இருவரும் சேர்ந்து நடத்திய ஸ்டூடியோவில் அவருடைய பங்கையும் வாங்கி, அதற்கே முதலாளியானார். அதே ஆண்டு, ஐம்பத்தொரு வயதில், விதவைத் தாயாக அடுத்த தொடரை ஆரம்பித்தார். 1968-ல் மூன்றாவது தொடர், அதில் அவருடைய சொந்த மகளும் மகனுமே பிள்ளைகளாக நடித்தார்கள்.

நம்மிடம் என்ன குறை? அம்மா ரெடி. மகள் ஏற்கெனவே அம்மாவின் சின்ன வயதாக நடித்துக் காட்டியாயிற்று. அப்பா சேத்தனுக்கும் வில்லத்தனத்திலிருந்து ஒரு ஓய்வு கிடைக்கும். 'ரமணி vs ரமணி' பழைய பகுதிகள் பாலசந்தரின் கவிதாலயா நிறுவனத்தின் யூடியூப் சேனலில் கிடக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு ஒரு தயாரிப்பாளர், வாரம் ஒரு கதை எழுதக்கூடிய நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்களுக்கு ஒழுங்காகச் சம்பளமும் கொடுத்தால் போதும்.