லென்ஸ் வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்ததும் பலரும் முதலில் சொல்வது வெளிச்சத்தைப் பற்றித்தான். வேட்டியின் வெள்ளை இவ்வளவு வெள்ளையா என்று வியப்பார்கள். வயதாக வயதாக நம் இயற்கை லென்ஸ் மஞ்சளித்து, நீல ஒளியை மறித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் எல்லாவற்றிலும் நீலம் தூக்கலாகத் தெரியும். கொஞ்ச நாளில் பழகிவிடும். பார்வையின் ஓரத்தில் பிறை போல ஒரு நிழல் தெரிவதும் பெரும்பாலோருக்குத் தானாக மங்கிவிடுகிறது.

மனக்குறை வருவது அதற்குப் பிறகு, செய்தித்தாளைக் கையில் எடுக்கும்போது. டிவி தெரிகிறது, பஸ்ஸின் பலகை தெரிகிறது. அரிசியில் கிடக்கும் கல் தெரியவில்லை. ஆபரேஷன் சரியில்லையோ என்று வீட்டில் பேச்சு கிளம்பும். பெரும்பாலும் அப்படியில்லை. வழக்கமாக வைக்கப்படும் மோனோஃபோக்கல் லென்ஸ் ஏதாவது ஒரு தூரத்துக்குத்தான் தெளிவு தரும். அது பெரும்பாலும் தூரப் பார்வைக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. படிக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் கண்ணாடி வேண்டும். காயம் ஆறி, பவர் ஒரு நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதற்குள் பழைய கண்ணாடியையோ பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியையோ மாட்டிப் பார்த்துவிட்டு, கண் போய்விட்டதாகக் கலங்க வேண்டியதில்லை.

ஆனால் சிலரின் மனக்குறை நியாயமானது. காலமெல்லாம் கிட்டப்பார்வையோடு வாழ்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். பூத்தொடுப்பவர், நகைப் பட்டறையில் கல் பதிப்பவர், தையல் மிஷினில் உட்காருபவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேலையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதே அவர்கள் பழக்கம். தூரத்துக்கான லென்ஸ் வைத்த மறுநாள் அந்தத் திறன் போய்விடுகிறது. இவர்களுக்கு மைனஸ் இரண்டரை அளவுக்குக் கிட்டப்பார்வையை மிச்சம் வைத்து லென்ஸ் பவரைக் கணக்கிட முடியும். அப்போது சுமார் 40 சென்டிமீட்டரில், அதாவது கைவேலை நடக்கும் தூரத்தில், வெறும் கண்ணுக்கே தெளிவு கிடைக்கும். தெருவில் நடக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து லென்ஸ் பவரை முடிவு செய்யும்போதே இதைப் பேசியாக வேண்டும். அன்று டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: ‘எனக்கு என்ன வேலை, எந்தத் தூரம் முக்கியம், எதற்குக் கண்ணாடி போட நான் தயார்.’ என்னைக் கேட்டால், நோயாளியின் தொழிலை விசாரிக்காமல் லென்ஸ் பவரை முடிவு செய்வது அரைகுறை வைத்தியம்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. நோயாளியின் சம்மதம் பற்றிய சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொன்னது: சிகிச்சை என்ன, மாற்று வழிகள் எவை, ஆபத்துகள் எவை என்று போதிய தகவல் தந்த பிறகு பெறும் சம்மதமே சம்மதம். ‘கண்ணாடியே வேண்டாம்’ என்று மல்டிஃபோக்கல் லென்ஸைப் பரிந்துரைத்தால், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியக்கூடும் என்பதையும் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். ராத்திரி வண்டி ஓட்டுபவருக்கு இது சின்ன விஷயமில்லை. இந்த லென்ஸின் முழு விலையைப் பல காப்பீட்டு பாலிசிகள் தருவதில்லை என்பதால் அதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

லென்ஸ் பவர் கணக்கு தப்பும் வாய்ப்பும் உண்டு. 1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி உலகிலேயே முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தபோது, அந்த நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வைதான் மிஞ்சியது. இன்றைய கருவிகளில் பிழை வெகு குறைவு என்றாலும், முன்பே லேசிக் செய்துகொண்டவர்களுக்கும் மிக நீளமான கண் உள்ளவர்களுக்கும் இன்னமும் தப்பலாம். பவர் தவறினால் கண்ணாடி, கருவிழியில் லேசர், அரிதாக லென்ஸையே மாற்றுவது என வழிகள் இருக்கின்றன.

ஒரு கண் முடிந்து மறு கண்ணுக்குக் காத்திருக்கும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். இரு கண்ணின் பவருக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் படிக்கட்டின் ஆழம் பிடிபடாது, தலை சுற்றும். பெரியவர்கள் விழுவது இப்படித்தான். இரண்டாவது ஆபரேஷனை முன்கூட்டி வைக்க முடியுமா என்று கேளுங்கள். அதுவரை மாடிப்படியில் யாராவது கூட இருக்கட்டும்.

வலி கூடிக்கொண்டே போவது, கண் மேலும் சிவப்பது, தெரிந்த பார்வை திடீரென மங்குவது ஆகியவை கண்ணுக்குள் கிருமி புகுந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் மழையாய்ப் பொழிவது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது ஆகியவை விழித்திரை விலகலைக் காட்டலாம். இரண்டிலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ‘அடுத்த செக்கப்பில் சொல்லிக்கொள்ளலாம்’ என்று விட்ட கண்ணை மீட்பது கடினம். மாதங்களோ வருடங்களோ கழித்து மெல்ல மங்கினால், அது பெரும்பாலும் லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு கலங்குவது. சில நிமிட லேசரில் சரியாகும்.

அலட்சியத்தால் பார்வை கெட்டதாகக் கருதினால் முதலில் சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் விதி. வேறொரு கண் மருத்துவரின் கருத்தையும் எழுத்தில் பெறுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. முகாமில் இலவசமாக நடந்த ஆபரேஷன் என்பதால் உரிமை போய்விடாது. பிறரிடம் பணம் வாங்கும் மருத்துவமனை உங்களுக்கு இலவசமாகச் செய்திருந்தாலும் அது நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகவே செய்யும் மருத்துவமனை, அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், இதில் வராது. அங்கே நிர்வாகத்திடமும் சிவில் நீதிமன்றத்திலும் முறையிடலாம். நுகர்வோர் உதவிக்கு 1915, இலவச சட்ட உதவிக்கு 15100.

டிஸ்சார்ஜ் ஆகும்போது லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர் உங்கள் சீட்டில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மறு கண்ணுக்கு வேறு ஊரில் ஆபரேஷன் செய்தாலும், என்றாவது லென்ஸை மாற்ற நேர்ந்தாலும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.