தஃலீமும் தர்பியாவும்: தொடக்கப் பள்ளியின் இரு இலக்குகள்

கல்வியைக் குறிக்க அரபு மொழியில் இரு சொற்கள் இணையாக வழங்குகின்றன. ஒன்று தஃலீம், அறிவைக் கற்பித்தல் என்பது அதன் பொருள். மற்றொன்று தர்பியா, வளர்ச்சியைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த இச்சொல், பிள்ளையைப் பேணி ஆளாக்குவதைச் சுட்டும். எகிப்து நாட்டின் கல்வி அமைச்சகம் இவ்விரு சொற்களையும் தன் பெயரிலேயே கொண்டுள்ளது. ஒரு தொடக்கப் பள்ளி ஆண்டுத் தொடக்கத்தில் வகுக்கும் இலக்குகளில் இவ்விரண்டும் இடம்பெற வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும், முதலாவது எண்களில் எழுதப்படுகிறது; இரண்டாவதோ, 'ஒழுக்கம் பேணுவோம்' என்னும் சுவர் வாசகத்தோடு நின்றுவிடுகிறது. இக்குறையைக் களையும் வழி யாது என்பதை நாம் இங்கு ஆராய்வோம்.

கற்றல் இலக்கு எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு அண்மைய முன்மாதிரிகள் உள்ளன. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பின் முடிவில் பிள்ளை பொருள் விளங்க நிமிடத்திற்கு 60 சொற்களேனும் படிக்க வேண்டும், 9999 வரை எண்களை வாசிக்கவும் எழுதவும் வேண்டும் என்று வரையறுத்தது. தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. யார், எதை, எப்போதைக்குள், எந்த அளவுக்கு என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை தருவதே நல்ல இலக்கு. ஆனால், எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது போதாது. விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்கள் 60 என்பது, வேறொரு மொழியின் 60 சொற்களுக்கு ஈடாகாது. ஆகவே, தன் பிள்ளைகளின் நிலையறிந்தே ஒரு பள்ளி தன் அளவைக் குறிக்க வேண்டும்.

இனி, இரண்டாவது இலக்கு. சமூக-உணர்வுசார் கற்றல் என்று இன்று இதனை அழைக்கின்றனர். 1994-இல் அமெரிக்காவில் தோன்றிய கேசல் என்னும் அமைப்பு இதனை ஐந்து திறன்களாக வகுத்துள்ளது: தன்னை அறிதல், தன்னை அடக்கி ஆளுதல், பிறர் நிலை உணர்தல், உறவு பேணுதல், பொறுப்புடன் முடிவெடுத்தல். பெயர் புதிதே தவிர, பொருள் நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் 31-ஆம் அத்தியாயத்தில் லுக்மான் (அலை) தம் மகனுக்குக் கூறும் அறிவுரை ஏகத்துவத்தில் தொடங்குகிறது. தொழுகையையும் பொறுமையையும் கூறி, மனிதரிடம் முகம் திருப்பாமை, நடையில் நிதானம், குரலைத் தாழ்த்துதல் ஆகியவற்றில் வந்து முடிகிறது. நம்பிக்கையும் வணக்கமும் பழகும் பண்பும் அங்கே ஒரே பாடமாக இருக்கின்றன.

இப்பண்பை ஒரு வகுப்பறையில் எவ்வாறு இலக்காக்குவது? ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் கைரவான் நகரில் வாழ்ந்த முஹம்மத் இப்னு சஹ்னூன் (ரஹ்) வழி காட்டுகிறார். சிறுவர் கல்வி பற்றிய அவருடைய நூலின் பெயர் 'ஆதாபுல் முஅல்லிமீன்', அதாவது ஆசிரியர்களுக்குரிய ஒழுங்குகள். செல்வர் வீட்டுப் பிள்ளையையும் ஏழை வீட்டுப் பிள்ளையையும் ஆசிரியர் சமமாக நடத்த வேண்டும். புதன் மாலையையும் வியாழனையும் ஓதியதைச் சரிபார்க்க ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லி எழுதவைக்கலாம், ஆனால் எழுதியதை ஆசிரியரே பார்வையிட வேண்டும். அக்காலத்தில் வழக்கிலிருந்த அடியையும், தந்தையின் அனுமதியின்றி மூன்றைத் தாண்டலாகாது, தலையிலும் முகத்திலும் படலாகாது என்று அவர் கட்டுப்படுத்தினார். இங்கே அதபுக்கான கட்டளைகள் முதலில் ஆசிரியரை நோக்கியே பிறப்பிக்கப்படுவதைக் காண்கிறோம்.

இதற்கான காரணத்தை இப்னு கல்தூன் (ரஹ்) தம் 'முகத்திமா'வில் விளக்குகிறார். கடுமையில் வளரும் பிள்ளையின் ஊக்கம் குன்றுகிறது. தண்டனைக்கு அஞ்சிப் பொய்யும் சூழ்ச்சியும் பழகுகிறது. நாளடைவில் அதுவே அதன் இயல்பாகிறது என்பது அவர் கருத்து. படிக்கத் தெரியாததை மறைக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் படிப்பைக் கற்பிப்பது எங்ஙனம்? அச்சமற்ற வகுப்பறையே எழுத்தறிவு இலக்கின் முதற்படி. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யாஉ உலூமித்தீன்' நூலில், பிள்ளையின் முதல் தவற்றைக் காணாததுபோல் விட்டுவிடவும், மீண்டும் செய்தால் தனிமையில் கண்டிக்கவும் பணிக்கிறார். பாடம் முடிந்தபின் விளையாட விடாமல் ஓயாது படிக்க வைப்பது அதன் உள்ளத்தை மரக்கச் செய்யும் என்றும் எச்சரிக்கிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நற்பண்புக்கு மதிப்பெண் இட்டு, முன்னேற்ற அட்டையில் எழுதிப் பெற்றோரிடம் காட்டும் பள்ளிகள் உண்டு. நோக்கம் நல்லதே. ஆனால், ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் பகிர்ந்துண்ணும் பிள்ளை கற்றுக்கொள்வது ஈகையையன்று, முகஸ்துதியை. ரியா என மார்க்கம் கண்டிக்கும் நோயை. எனவே, கற்றல் இலக்கு பிள்ளையின் முன்னேற்றத்தை அளக்கட்டும். பண்பு இலக்கு ஆசிரியரின், பள்ளியின் நடைமுறையை அளக்கட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். இரண்டாம் வகுப்பில் 12 பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுவதாகக் கொள்வோம். 'அரையாண்டுத் தேர்வுக்குள் இவர்களில் 9 பேரேனும் ஒரு சிறு பத்தியைத் தாமே படித்துப் பொருள் சொல்வர். வியாழன்தோறும் ஒவ்வொருவரையும் தனித்தனியே படிக்கச் செய்து குறிப்போம்' என்பது முதல் இலக்கு. 'தவறாகப் படித்த பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்தி நாணச் செய்யமாட்டோம். அவ்வாரம் வாய் திறவாத பிள்ளை யார், இடைவேளையில் தனித்திருந்த பிள்ளை யார் என்று வாரம் ஒருமுறை எழுதி, அடுத்த வாரம் அவரோடு அமர்ந்து பேசுவோம்' என்பது இரண்டாவது. இரண்டுமே சரிபார்க்கத் தக்கவை. முதலாவது நிறைவேறாதபோது காரணத்தைப் பெரும்பாலும் இரண்டாவதன் குறிப்பேட்டில் காணலாம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2012-இல் வந்த திருத்தம், மதரஸாக்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என விலக்களித்தது. அவ்விலக்கு நம் மக்தப்களுக்கு ஆறுதல் அளிக்கக் கூடாது. பிள்ளை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்கிறார் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). காலையில் அது மக்தபின் வாசலையோ பள்ளியின் வாசலையோ கடக்கும்போது, அந்த அமானிதம் நம் கைக்கு மாறுகிறது. அதற்கான கணக்கு வேறோர் இடத்தில் கேட்கப்படும். அங்கே எவருக்கும் விலக்கில்லை.